அரைக் கிலோ கசகசா

சனிக்கிழமை காலை பத்து இருபது. சித்தூர் கடைத்தெருவில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, மளிகைக் கடை கோதண்டம் ஒரு டப்பாவை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற காட்சி. எதிரே ஒரு வெள்ளைக்காரப் பெண்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். மார்த்தா. ஜெர்மனிக்காரர். எங்கள் மாடியில் குடியிருக்கிறார். கணவர் சேகர் நம்மூர்க்காரர். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிறார். புத்தூர்ப் பக்கத்து மாமியாரிடம் தமிழ் கற்றதால் மார்த்தா பேசினால் நம் தமிழ் வாத்தியாருக்கே வியர்க்கும்.

"அண்ணே, நான் துன்றதுக்குத்தான் கேக்கறேன். கேக் செய்ய."

"அம்பது கிராம் தரேம்மா. அதுக்கு மேல நம்மால ஆவாது."

"அரை கிலோ வோணும்."

டப்பா இன்னும் இறுக்கமாக அணைக்கப்பட்டது. உள்ளே இருந்தது கசகசா.

விஷயம் இதுதான். மறுநாள் மார்த்தாவின் அம்மா ஜெர்மனியிலிருந்து முதல்முறையாக வருகிறார். மகள் இங்கே குடிவந்தது அவருக்குப் பிடிக்கவே இல்லை. பதினொரு மாதமாக போனில் ஒரே கேள்வி: "அங்கே என்ன கிடைக்கிறது?" பதினொரு மாதமாக ஒரே பதில்: "எல்லாம் கிடைக்கிறது." இது பொய் என்று இருவருக்குமே தெரியும். அதனால் அம்மா உட்கார்ந்ததும் அவர் கையில், சொந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பிடும் கசகசா கேக்கை வைத்தாக வேண்டும். இல்லையென்றால், "பெட்டியைக் கட்டு, என்னோடு வா" என்பார்.

ஈஸ்டுக்கு ஒரு பேக்கரியில் கெஞ்சியாயிற்று. உப்பு போடாத வெண்ணெய்க்கு திருப்பதி போய் வந்தாயிற்று. கடைசியில், நாம் குருமாவில் போடும் கசகசாவில் வந்து மாட்டிக்கொண்டது!

ஏன் என்று கேட்கிறீர்களா? நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் குவைத்திலோ துபாயிலோ இருக்கிறார். அந்த ஊர்களில் கசகசா போதைப் பொருள் கணக்கு, கொண்டுபோகக் கூடாது, ஏர்போர்ட்டிலேயே பிடித்து உள்ளே வைப்பார்கள் என்பது இங்கே பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும்.

சோப்பு வாங்க வந்த ஓர் அம்மாள் வாங்காமல் நின்றுவிட்டார். "எங்க ஓரகத்தி தம்பி குவைத் போகச்சொல்ல ஒரு பொட்டலம் எடுத்துக்கினு போனான். ரெண்டு வருசம் உள்ள."

"பேரு இன்னாம்மா?" என்றேன்.

"பேரா? அவங்க வீட்ல கேட்டாத்தான் தெரியும்."

இப்படி ஒரு தம்பி எல்லாத் தெருவிலும் உண்டு. பெயர்தான் எந்தத் தெருவிலும் இல்லை.

நம் ஆட்கள் வெளிநாட்டில் ஒரு கொத்து கறிவேப்பிலைக்கு அடுத்த ஊர் வரை கார் ஓட்டுவார்கள். அதற்குப் பெயர் மண்பாசம். போட்டோ போடுவார்கள், நாமும் ஹார்ட் போடுவோம். அதே காரியத்தை ஒரு வெள்ளைக்காரப் பெண் நம் கடைத்தெருவில் செய்தால்... கடத்தல்!

"கோதண்டம், இவங்க நம்ம மாடியில இருக்கிறவங்க. எந்த ஏர்போர்ட்டுக்கும் போகலை" என்றேன்.

"சார், நீங்க சொன்னா சரி. ஆனா நாளைக்கு ஒண்ணுன்னா யார் கடையில வாங்கினேன்னுதான கேப்பான்?" யோசித்தார். முகம் மலர்ந்தது. "ஒண்ணு பண்ணலாம். இங்கயே அரைச்சு எடுத்துக்கினு போவட்டும். மாவை எவன் கடத்துவான்?"

"வூட்ல மிக்ஸி இருக்கு அண்ணே..."

"வூட்டுக்குப் போற வழியில மனசு மாறிட்டா?"

மார்த்தா சிரித்துவிட்டார். கேக்குக்கு எப்படியும் அரைக்கத்தான் வேண்டுமாம்.

பக்கத்துக் கடை மாவு மிஷின்காரர் முகத்தைச் சுளித்தார். "இது எண்ணெ கக்கும்பா." கோதண்டம் தெலுங்கில் ஏதோ அதட்ட, வாங்கிக் கொட்டினார். கோதண்டம் பக்கத்திலேயே நின்று கடைசிப் பிடி விழும் வரை பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு கிராம்கூடக் கடத்தப்படவில்லை.

அதற்கு முன் அந்த மிஷினில் மூன்று பேருக்கு மிளகாய் அரைத்திருந்தார்கள். ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டிவிட்டுத்தான் அடுத்த சாமானைப் போட வேண்டும் என்பது நம்மூர்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கே நின்ற நம்மூர் ஆண்கள் மூன்று பேருக்கும் அது தோன்றவில்லை. நாங்கள் சட்டம் ஒழுங்கைக் கவனித்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிறு மாலை நான்கு மணி. மாடியில் நான், சேகர், மார்த்தா, அவருடைய அம்மா. ஐந்தாவதாக, அழைக்காமலே வந்த கோதண்டம். "சும்மா, பெரியம்மாவைப் பாத்துட்டுப் போலாம்னு." கண் கேக்கின் மேல். வீட்டில் ஓவன் இல்லாததால் பிரஷர் குக்கரில் மணல் கொட்டிச் சுட்டது. ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தது.

அந்த அம்மா ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார். கண்ணில் நீர் திரண்டது.

"பாத்தீங்களா சார்? பொண்ணு கையால துன்னதும் கண்ணு கலங்கிடுச்சு. எந்த நாடானாலும் தாய் தாய்தான்" என்றார் கோதண்டம்.

மார்த்தா ஒரு துண்டை வாயில் போட்டார். முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது.

அந்த அம்மா தண்ணீர் குடித்துவிட்டு மகளிடம் ஏதோ கேட்டார்.

"இன்னா சொல்றாங்க?" என்றார் கோதண்டம்.

"எல்லாம் கெடைக்குதுன்னியே, இதுவும் இங்கதான் வாங்கினியான்னு கேக்கறாங்க."

"எங்க கடைதான்னு சொல்லும்மா!"

மார்த்தா சொன்னார். ஜெர்மன் மொழியில், மூச்சு விடாமல், மூன்று நிமிடம். இடையில் எங்களுக்குப் பிடிபட்டவை இரண்டே சொற்கள்: குவைத், கோதண்டம். ஈஸ்ட், வெண்ணெய், பதினொரு மாதப் பொய் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லிவிட்டதாகப் பிறகு சேகர் சொன்னார்.

அந்த அம்மா கோதண்டத்தை ஏற இறங்கப் பார்த்தார். அவர் வணக்கம் வைத்தார். அம்மா இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக்கொண்டு, தட்டில் மிச்சமிருந்ததைத் தின்று முடித்தார். பெட்டியைக் கட்டு என்று சொல்லவில்லை. கட்டாதே என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை தாயும் மகளும் திருப்பதி பஸ் ஏறினார்கள். மாலை ஐந்தரைக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அந்த அம்மா கடை பில்லை மடித்துப் பையில் வைத்தபடி இறங்கினார். டிரைவரும் சேகரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒரு புது ஓவனை மாடிக்கு ஏற்றினார்கள்.