கரையை வளைத்த அம்மன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை முடித்து சைக்கிளில் வந்தேன். வீட்டு வாசலில் சிவப்புப் பெயிண்ட் அடித்த கல் ஒன்று நட்டிருந்தது. சைக்கிளை இனி எங்கே நிறுத்துவது என்றுதான் முதலில் யோசித்தேன். என் மனைவி வெளியே வந்தாள்.

"கல்லுக்கு அந்தாண்ட ரோடாம். இந்தாண்ட ஆத்துக்குக் கரை கட்டப் போறாங்களாம். நம்ம ஊடு கரைக்குள்ள கீதுன்னு சொல்லிட்டுப் போறாங்க."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கூவம் ஓடியது. ஓடியது என்று சொல்வது மழைக்காலத்துக்குத்தான் பொருந்தும். மற்ற மாதங்களில் ஆகாயத்தாமரை, பன்றிகள், நடுவில் கொஞ்சம் தண்ணீர். நகரத்துக்குள் போன பிறகுதான் அந்த ஆறு பெயரைக் கெடுத்துக்கொண்டது. முகப்பேரைத் தாண்டி எங்கள் பக்கத்தில் அது இன்னும் ஆறாகவே இருந்தது. ஐப்பசி பிறந்தால் மேலே ஏரிகள் நிரம்பும். மிச்சத் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போகும். நாங்கள் அரிசியைப் பரணில் ஏற்றிவிட்டு, தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்துக்கொள்வோம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படித்த காலத்தைவிட வெள்ளத்துக்காகத்தான் பள்ளிக்கூடத்தில் அதிகம் இருந்திருப்பேன்.

வீடு பெரிதில்லை. சூளையில் கழித்துப் போட்ட செங்கல்லை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவளும் கட்டியது. ஒரு சுவர் கொஞ்சம் சாய்ந்திருக்கும். மேலே ஆஸ்பெஸ்டாஸ். பட்டா கிடையாது, அந்த வரிசையில் யாருக்குமே கிடையாது. அங்கிருந்து அவள் ஹவுசிங் போர்டு அடுக்குமாடிகளுக்குச் சமையல் வேலைக்கு நடந்தே போய் வருவாள். வீடு போனால் அந்த வேலையும் போகும். வீடு இழப்பவர்களுக்கு ஆவடிக்கு அப்பால் மாற்று இடம் தருவார்கள் என்று பேச்சு.

திட்டத்தை விளக்கப் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். மெலிந்த மனிதர், குரலும் மெலிவு. கரையை உயர்த்தினால் வெள்ளம் வராது என்றார். கரைமேல் நடைபாதை, பெஞ்சுகள், நிழல்மரங்கள், அகலமான இடத்தில் பூங்கா. மக்கள் காலையில் ஆற்றங்கரையில் காற்றாட நடக்கலாம் என்றார். அடுக்குமாடிக்காரர்கள் கைதட்டினார்கள். காலையில் ஆற்றங்கரைக்கு நடக்கும் பழக்கம் எங்களுக்கு ஏற்கெனவே இருந்தது. போகும்போது கையில் ஒரு டப்பா இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் இன்ஜினியர். வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காக எங்கள் வீட்டையே எடுப்பது என்ன கணக்கு என்று கேட்க நினைத்தேன். ஆனால் நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் இருந்த மனைவி, "வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று கிள்ளினாள். கிள்ளியது வலித்தது. அதையும் நான் வெளியே சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தக் குறை கிடையாது. அவர் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர், எங்கள் வரிசைக்கே வாய் அவர்தான். நாங்கள் அண்ணாத்தே என்போம். அவர் கற்களைப் பின்தொடர்ந்து ஆற்றோரமாகவே நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

"மாமே, ஒரு மேட்டர் பாத்தியா? கல்லுங்க நேராத்தான் வந்துகினு கீது. புள்ளையார் கோயிலாண்ட வந்ததும் ஒடிஞ்சி ஆத்துப் பக்கமா போயிட்டு, அப்பால திரும்ப நேரா வருது. ஊட்டுக்கு வளையாத கல்லு சாமிக்கு வளையுது."

"அதுக்கு?" என்றாள் என் மனைவி.

"உங்க ஊட்டுக்குப் பின்னாடி வேப்பமரம் சும்மாத்தான நிக்கிது?"

என் சம்மதத்தைக் கேட்டார்கள். நான் பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருந்தால் அது சம்மதம் என்று எங்கள் தெருவில் வெகுநாளாக வழக்கம்.

மரத்துக்கு மஞ்சள் துணி கட்டினார்கள். அடியில் வைக்க ஒரு கல் வேண்டும். கரையெல்லாம் தேடியும் அம்மனாகிற மாதிரி ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் என் மனைவி துணி துவைக்கும் கல்லைப் புரட்டி நிறுத்திப் பார்த்தார்கள். நன்றாக நின்றது. வருஷக்கணக்காக சோப்புப் பட்டு மழமழவென்று இருந்ததால் மஞ்சள் பூச வாகாகவும் இருந்தது. திருவேற்காட்டுக் கடைத்தெருவில் வாங்கிய வெள்ளிக் கண்மலரை ஒட்டியதும், என் மனைவி சட்டென்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அன்று முதல் அவள் துணியைச் சிமெண்ட் தரையில்தான் துவைத்தாள். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அடுத்த முறை வந்த இன்ஜினியர் மரத்தைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றினார். சாக்ஸோடு சேற்றில் நின்று கும்பிட்டார்.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

"எங்க தாத்தா காலத்துலேந்து சார்," என்றார் அண்ணாத்தே. "அப்ப இங்க ஒரு ஊடு கூட கிடையாது. அம்மனும் ஆறும்தான். நாங்கல்லாம் அப்பால வந்தவங்க."

அண்ணாத்தேயின் தாத்தா ஆரணியைத் தாண்டி வந்ததே இல்லை. அவரே எனக்குப் பின்னால்தான் இந்தத் தெருவுக்குக் குடி வந்தார். ஆனால் சொன்ன விதத்தில் எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் பூசாரியா?"

நான் தரையைப் பார்த்தேன். அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் சிவப்புக் கல்லை வாசலிலிருந்து பிடுங்கி, வேப்பமரத்துக்குப் பின்னால் ஆற்றுப் பக்கமாக நட்டார்கள். கரை எங்கள் வரிசையைச் சுற்றிக்கொண்டு போகும்படி ஆனது. வீடு தப்பியது. என் மனைவி அன்று பாயசம் வைத்தாள். அம்மனுக்கு முதலில் வைத்துவிட்டுத்தான் எனக்குக் கொடுத்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காரியம் நடந்த பிறகு அம்மனுக்கு ஒன்றும் செய்யாமல் விட எங்கள் ஆட்களுக்கு மனம் வராது. ஆடி மாதம் கூழ் ஊற்றுவது என்று முடிவானது. அண்ணாத்தே மைக் செட்டும் சீரியல் லைட்டும் கொண்டுவந்தார். கூழ், கருவாட்டுக் குழம்பு, முருங்கைக் கீரை. பாட்டுச் சத்தம் கேட்டு அடுக்குமாடிக்காரர்கள் ஸ்கூட்டரில் வந்தார்கள். அவர்களில் டீச்சரம்மாவும் ஒருவர். ரிட்டயர் ஆனவர், என் மனைவி சமைக்கும் வீட்டுக்காரர். பேரனுக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். இடம் கிடைத்தது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் கூட்டம். ஷிப்ட் முடிந்து வந்து கை கால் கழுவிவிட்டு நான் குங்குமம் கொடுக்க நிற்கவேண்டும். எனக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது. யார் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவேன். "மத்த கோயில்ல பூசாரி எவ்ளோ பேசறாங்க, இவர் பாருங்க, மனசுக்குள்ளயே எல்லாம்" என்று டீச்சரம்மா மற்றவர்களிடம் சொல்வது காதில் விழும். பிறந்ததிலிருந்து என்னைத் திட்ட வைத்த குணத்துக்கு முதல் தடவையாக மரியாதை கிடைத்தது. அதை வேண்டாம் என்று சொல்லவும் வாய் திறக்கவேண்டுமே.

கரை வேலை வேகமாக நடந்தது. அந்த ஐப்பசியில் ஆறு நிறைந்து வந்தது. புதுக் கரையில் மோதி, சுற்றிக்கொண்டு போனது. எங்கள் அடுப்பு அணையவில்லை. குடிவந்த நாள் முதலாக அதுதான் முதல் தடவை. தெருவே மரத்தடிக்கு ஓடியது. அம்மன் தண்ணீரைத் தடுத்துவிட்டாள் என்று சூடம் கொளுத்தினார்கள். இன்ஜினியர் கரைமேல் குடையோடு நின்றுகொண்டிருந்தார். குடைக்கு அடங்காத மழையில் நனைந்தபடி மண் சரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது.

தை பிறந்ததும் திட்டத்தின் இரண்டாவது பாதி வந்தது. பூங்கா. அதை எங்கே வைப்பது என்று பேச மரத்தடியிலேயே கூடினார்கள். அடுக்குமாடிக்காரர்கள் சார்பில் டீச்சரம்மா பேசினார்.

"இவ்வளவு சக்தியுள்ள கோயில் சார். நிக்க இடமில்லை, வண்டி விட இடமில்லை. பூங்காவை இங்கேயே போட்டு, கோயிலைச் சுத்தி நல்லா விசாலமா விட்டா நடக்க வர்றவங்களும் கும்பிட்டுப் போகலாம்."

"இங்க ஊடுங்க கீதே," என்றார் அண்ணாத்தே.

"அதான் நானும் கேக்கறேன். நீங்களே சார்கிட்ட சொன்னீங்களாமே, அம்மன் முதல்ல இருந்தா, வீடெல்லாம் அப்புறம்தான் வந்ததுன்னு. அப்போ கோயில் இடத்துலதானே வீடு கட்டியிருக்கீங்க?"

அண்ணாத்தே வாயைத் திறந்தார். அவர் வாயிலிருந்து ஒன்றும் வராததை அன்றுதான் பார்த்தேன். ஆற்றுப் புறம்போக்கில் இருந்த நாங்கள் அம்மனின் இடத்தை வளைத்துப் போட்டவர்கள் ஆகிவிட்டோம். அரசாங்கத்தோடு வாதாடலாம். அம்மனோடு எப்படி?

என் மனைவி என் முதுகில் குத்தினாள். "யோவ், இப்பவாவது சொல்லுய்யா. ஊடு போவுது."

இன்ஜினியரும் என்னைப் பார்த்து, "பூசாரி என்ன சொல்றார்?" என்றார்.

நாலு பேர் இல்லை, நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் சொன்னேன்.

"நான் பூசாரி இல்லீங்க. அது சாமி இல்லீங்க. எங்க ஊட்டுல துணி துவைக்கிற கல்லுங்க."

அண்ணாத்தே கண்ணை மூடிக்கொண்டார். டீச்சரம்மா மெல்ல என் பக்கம் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"கேட்டீங்களா? ஏழை வீட்டுத் துணி துவைக்கிற கல்லுல அவ வந்து உக்காந்திருக்கா. இதை இத்தனை நாள் வெளிய சொல்லாம இருந்திருக்கார் பாருங்க."

கூட்டத்தில் யாரோ குலவை போட்டார்கள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில், நான் பேசாமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு இன்ஜினியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஆற்றைப் பார்த்தபடியே பேசினார்.

"அது துவைக்கிற கல்லுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்ங்க. ஒரு ஓரத்துல துணிக்குப் போடற நீலம் ஒட்டிட்டிருந்தது."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

"வீட்டுக்காக வளைச்சேன்னு எழுதினா மேலே கேள்வி கேப்பாங்க. கோயிலுக்காக வளைச்சேன்னு எழுதினா யாரும் கேக்க மாட்டாங்க. நல்ல யோசனைதான் பண்ணீங்க." போகத் திரும்பினார். "கூழ் ஊத்தாம இருந்திருக்கலாம்."



வீட்டைப் பிரிக்க எங்களுக்கு அவகாசம் கொடுத்தார்கள். மாற்று இடம் ஆவடிக்கு அப்பால். அங்கிருந்து முகப்பேருக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். என் மனைவி டீச்சரம்மா வீட்டில் போய்ச் சொன்னாள். அவர் மனதார வருத்தப்பட்டு ஒரு புடவை கொடுத்தார். பிறகு, "வெள்ளிக்கிழமைல மட்டும் அவரை வந்துட்டுப் போகச் சொல்லேன்" என்றாராம். அவள் அதை எனக்குச் சொல்லும்போது சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஆஸ்பெஸ்டாஸை நாங்களே இறக்கினோம். சாய்ந்த சுவர் தள்ளியதும் விழும் என்று நினைத்தேன். அதுதான் கடைசிவரை நின்றது. அண்ணாத்தேயும் நானும் கடப்பாரை போட்டுத்தான் பெயர்த்தோம். முழுச் செங்கல்லை என் மனைவி தனியாக அடுக்கினாள். சாமான் ஏற்ற வந்த டிராக்டர்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

கதவை நான் முதுகில் தூக்கிக்கொண்டேன். வண்டிக்குப் போகும் வழியில், புதுக் கரைமேல் நடந்துவந்த இரண்டு பெண்கள் கீழே இறங்கினார்கள். காலில் கேன்வாஸ் ஷூ. என்னைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றிவிட்டுக் கை நீட்டினார்கள்.

"பூசாரி, குங்குமம்."

"வாய்யா, வண்டிக்காரன் கத்துறான்," என்று என் மனைவி செங்கல் மேல் உட்கார்ந்தபடி கூப்பிட்டாள்.

இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. கதவை வேப்பமரத்தில் சாய்த்து வைத்தேன். செங்கல் தூசியைக் கைலியில் துடைத்துவிட்டு இரண்டு பேருக்கும் குங்குமம் கொடுத்தேன். அவர்கள் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருக்கும்போதே கதவைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனேன்.