கழுத்துப்பட்டியை யார் கட்டுவது?

ஞாயிறு காலை ஏழு மணி ஐம்பத்திரண்டு. ஜேர்மனியின் எசன் நகரில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த உதைபந்தாட்ட மைதானத்தில் நான் முதலில் கண்டது துணி தேய்க்கும் ஒரு மின்னழுத்தி. பியர் மேசையில் துவாயை விரித்து, கட்டடத்துக்குள்ளிருந்து நீளமாக வயர் இழுத்து, பிலிப் அண்ணை ஒரு கழுத்துப்பட்டியை அழுத்திக்கொண்டிருந்தார். கருஞ்சிவப்பு நிறம், குறுக்கே இரண்டு பொன்கோடுகள். பிலிப் அண்ணை இரும்பாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். என் கணவர் படித்த யாழ்ப்பாணத்து ஆண்கள் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்கு ஜேர்மனியில் தலைவர். மைதானப் பொறுப்பாளர் ஹெர் வோல்ஃப் சற்றுத் தள்ளி நின்று இதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். இன்று கலியாணமா, செத்தவீடா என்று கேட்டார். உதைபந்தாட்டம் என்றேன். “ஓ, நடுவருக்கா?” என்றார். சிறந்த ஆட்டக்காரருக்கு என்றேன். கிண்ணம் இல்லையா என்று இரக்கத்தோடு கேட்டார். கிண்ணமும் உண்டு, ஆனால் இதுதான் பெரிது என்றேன். மனிதர் மேலும் கேட்கவில்லை. வயரில் பாதுகாப்புச் சோதனை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு ‘கலர்ஸ்’ என்றால் விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் அணிக்காகச் சிறப்பாக ஆடியவருக்குக் கல்லூரியின் நிறங்களை வழங்குவார்கள். இந்தக் கல்லூரியில் அது ஒரு கழுத்துப்பட்டி. அதை அதிபரே மாணவனின் கழுத்தில் தன் கையால் கட்டிவிடுவது வழக்கம். அந்த வெயிலில் எந்த மாணவனுக்கும் கழுத்துப்பட்டி கட்டத் தெரியாது என்பதால் யாரோ ஒரு பழைய அதிபர் தொடங்கியது, பிறகு மரபாகிவிட்டது. பெற்றவரின் பெயரைக் கல்லூரி மண்டபத்துச் சுவரில் ஒரு பலகையில் பொன்னிற மையால் எழுதுவார்கள். ஜேர்மனிக் கிளை ஆண்டுதோறும் அனுப்பும் ஒரு பெயரையும் அதே பலகையில் எழுதுவதற்குப் பிலிப் அண்ணை பல வருடங்கள் மன்றாடி அனுமதி வாங்கியிருந்தார். இங்கே அதிபர் இல்லாததால் கட்டுவது தலைவர். முன்பு கலர்ஸ் பெற்ற ஒருவர்தான் இன்னொருவருக்குக் கட்டலாம் என்பதும் மரபு.

அந்தக் கல்லூரியை எனக்கும் கொஞ்சம் தெரியும். யாழ்ப்பாணத்தில் நான் ஒரு நாளிதழில் வேலைசெய்தேன். போரினால் அச்சுத்தாள் கிடைக்காமல், கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான காலம். விளையாட்டுச் செய்தி எழுதியவர் கொழும்புக்குப் போய்விட, அவர்களுடைய பெரிய ஆட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள். வாசலில் நின்ற ஆசிரியர், “பிள்ளை, பொம்பிளையளுக்கு இருக்க இடம் ஒழுங்கு செய்யேல்லை” என்று மிக மரியாதையாகச் சொன்னார். மதிலை ஒட்டியிருந்த சைக்கிள் கடைக்காரர் ஏறி நிற்க ஒரு வாங்கு தந்தார். அதிலிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்களின் நெஞ்சுக்கு மேலேதான் தெரியும். எனவே என் செய்தியில் தலையால் அடித்த கோல்கள் விரிவாகவும், காலால் அடித்தவை சுருக்கமாகவும் இருந்தன. மறுநாள் அது ‘எமது நிருபர்’ என்று வெளிவந்தது. கல்லூரி அதிபர் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு ஆளனுப்பி, நல்ல பொடியன், அடுத்த முறையும் அவனையே அனுப்புங்கோ என்று பாராட்டியிருந்தார். அன்றைய அணியில் மாற்று ஆட்டக்காரராக வெளியே இருந்த ஒருவரைப் பிறகு நான் மணந்தேன். தன் பெயரை நான் செய்தியில் விட்டுவிட்டதாக அருள் இன்றைக்கும் குறைசொல்வார்.

எசனில் நடந்தது பழைய மாணவர் சங்கங்களின் சுற்றுப்போட்டி. பழைய மாணவர்களுக்கு இப்போது முழங்கால் வேலைசெய்வதில்லை, ஆடுவது மகன்மார். அன்று காலை எங்கள் அணியில் பின்களத்தில் ஆடும் பையன் காய்ச்சலில் படுத்துவிட்டான். பத்துப் பேர்தான் மிச்சம். அந்த நேரத்தில் பீலெஃபெல்டிலிருந்து தகப்பனை ஏற்றிக்கொண்டு ஜெனிற்றா வந்து இறங்கினாள். இயந்திரவியல் படிக்கிறாள், மறுநாள் அவளுக்குப் பரீட்சை. காரிலேயே இருந்து படிப்பதாகத்தான் திட்டம். தகப்பன் மரியதாஸ் கூட்டத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

“இவளை விடுங்கோவன். இவள் கிளப்பில பின்னுக்குத்தானே விளையாடுறவள்.”

எதிரணிப் பொறுப்பாளர் சிரித்தார். “பெட்டையோ? விளையாடட்டும், விளையாடட்டும். எங்கட பொடியள் மெதுவா அடிப்பினம்.”

அவர்களுடைய பொடியள் மெதுவாக அடிக்கவில்லை. ஆனால் அடிக்கப் பந்து கிடைத்தால்தானே. எதிரணியின் முன்கள ஆட்டக்காரன் ஜிம்மில் வளர்ந்த உடம்போடு வருவான். ஜெனிற்றா அவனுக்கு முன்னால் ஒரு அடி எடுத்து வைப்பாள். பந்து அவளிடம் இருக்கும். அவன் நடுவரைப் பார்த்துக் கையை விரிப்பான். மதியத்துக்குள் மூன்று அணிகள் நடுவரைப் பார்த்துக் கை விரித்தன. மாலையில் இறுதி ஆட்டத்தில் காலையில் சந்தித்த அதே அணியை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றோம். எங்கள் கோல் காப்பாளனும் அணித் தலைவனுமான லூக்காஸ் அன்று முழுவதும் அணிந்திருந்த கையுறை, கடையில் வாங்கியபடியே இருந்தது. தோற்றவர்களின் பொறுப்பாளர் இப்போது சிரிக்கவில்லை. “நாங்கள் பகிடிக்கெல்லே ஓம் எண்டனாங்கள்” என்றார்.

அதன் பிறகுதான் சோலி தொடங்கியது. அணித் தலைவன் ஒருவரின் பெயரைச் சொல்ல, கலர்ஸ் கொடுக்கவேண்டும். லூக்காஸ் யோசிக்காமல் ஜெனிற்றா என்றான். பிலிப் அண்ணை கையில் கழுத்துப்பட்டியோடு அப்படியே நின்றார். நிர்வாகக் குழு கூடாரத்துக்குள் போய்த் திரையை இழுத்தது. கூடாரத் துணிக்கு இந்தப் பக்கம் நானும் பிலிப் அண்ணையின் மனைவி ரஞ்சி அக்காவும் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தோம். எனவே கூட்ட நடவடிக்கைகளை முழுமையாகத் தரமுடிகிறது.

ஒருவர், ஆண்கள் கல்லூரி என்றால் ஆண்களுக்கு என்றார். ஆண்கள் கல்லூரிக்காகத்தானே அவள் ஆடினாள் என்றார் அருள். இன்னொருவர், அவளுக்குச் சிறப்புப் பரிசாகப் பிரதம விருந்தினரின் மனைவிக்கு வாங்கிவைத்த சேலையைக் கொடுக்கலாம் என்றார். பிரதம விருந்தினரின் மனைவிக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வியில் அந்த யோசனை விழுந்தது. லூக்காஸுக்கே கலர்ஸைக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். அவனைக் கூப்பிட்டார்கள். “அங்கிள், நான் இண்டைக்குப் பந்தைத் தொடவே இல்லை. பைன்லிஷ்!” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். வெட்கக்கேடு என்பதை இங்கே பிறந்த பிள்ளைகள் ஜேர்மன் மொழியில்தான் சொல்கிறார்கள். கடைசியில் யாழ்ப்பாணத்து அதிபரை வாட்ஸ்அப்பில் எடுத்தார்கள். அங்கே இருட்டியிருந்தது, அதிபர் ஒரு கலியாண வரவேற்பில் இருந்தார். மேளச் சத்தத்துக்கு நடுவே, “நீங்கள் அங்கை யோசிச்சு ஒரு நல்ல முடிவா எடுங்கோ” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஜெனிற்றா றோல்ஸ் வாங்க வந்தாள். சொக்ஸ் முழுக்கப் புல். அவளை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பத்து வயதில் இரட்டைப் பின்னலோடு பீலெஃபெல்டில் பொடியன்களின் அணியில் ஓடியவள். இந்த நாட்டில் பதினாறு, பதினேழு வயதுவரை பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளோடு ஆடலாம். அதற்குப் பிறகு தனித் தனி. அவளோடு ஏழு வருடம் ஆடியவர்கள் ஒரு கோடையில் பக்கத்து மைதானத்துக்குப் போய்விட்டார்கள். அவளால் போக முடியவில்லை.

“உள்ளுக்கை என்ன கதைக்கினம், அன்ரி?”

“உனக்குச் சேலை குடுக்கிறதோ எண்டு.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “எனக்கு அந்தக் கழுத்து ரை எல்லாம் வேண்டாம். அந்த போர்ட்டிலை பேர் வரவேணும். ஜேர்மன்காரர் விளையாட ஏலாது எண்டு ரூல் சொல்லி வெளியில விட்டவங்கள். ஓகே. நீங்கள் விளையாட விட்டனீங்கள். விளையாடி முடிஞ்ச பிறகு நான் விளையாடேல்லை எண்டு சொன்னால், நான் எங்கை போறது?”

ஹெர் வோல்ஃப் விளக்குகளை எப்போது அணைக்கலாம் என்று கேட்க வந்தார். நிலைமையைச் சொன்னேன். உங்கள் கழக ஆண்கள் அணியில் ஒரு பெண் ஆடலாமா என்றும் கேட்டேன். “முடியாது, அனுமதி அட்டை கிடைக்காது. எங்கேயோ முன்னோடித் திட்டம் ஒன்று நடக்கிறதாம். அன்ட்ராக் போட்டுப் பார்க்கலாம்” என்றார். அன்ட்ராக் என்றால் விண்ணப்பம். இந்த நாட்டில் மழையைத் தவிர மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். பரிசு கொடுப்பதில் உங்களுக்கு என்ன பிரச்சினை இருந்திருக்கும் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. ஆடியவருக்குத்தானே பரிசு என்றார். அவர்கள் அவளுக்குப் பரிசு தரத் தயார், ஆடத்தான் விடமாட்டார்கள். நாங்கள் ஆட விட்டுவிட்டோம், ஆள் குறைந்ததால்.

கூடாரத்துக்குள் மரபு, சங்கத்தின் சட்டயாப்பு, முன்னுதாரணம் என்று குரல்கள் உயர்ந்தன. ரஞ்சி அக்கா அடுப்பைக் குறைத்தார். கரண்டியோடு போய்த் திரையை விலக்கினார்.

“உங்களில ஒருத்தருக்கும் சட்டம் பிரச்சினை இல்லை. ஊர் பார்க்க ஒரு குமர்ப்பிள்ளையின்ர கழுத்தில உவர் முடிச்சுப் போடவேணும். அதைச் சொல்ல வெட்கம்.”

பிலிப் அண்ணையின் காது, கழுத்துப்பட்டியின் நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு மணி நேரமாக ஐந்து பேர் சுற்றிச் சுற்றி வந்த சொல் தாலி என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கிறிஸ்தவர்களானாலும் எங்கள் தேவாலயங்களில் கலியாணம் என்றால் தாலிதான்.

“நீர் சும்மா இரும்” என்றார் பிலிப் அண்ணை.

“ஏன் இருக்க? எனக்குக் கட்டேக்கையே உமக்கு முடிச்சு வரேல்லை. உம்மட அக்காதானே போட்டவ.”

பிரச்சினைக்குப் பெயர் வந்ததும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். தகப்பன் கட்டட்டும் என்றார் ஒருவர். திரைக்கு வெளியே நின்ற மரியதாஸ் முடியாது என்று தலையை ஆட்டினார். அவர் அணியில் ஆடிய வருடம் கல்லூரி அகதி முகாமாக இருந்தது. யாருக்கும் கலர்ஸ் கொடுக்கவில்லை. கலர்ஸ் இல்லாதவர் கட்டமுடியாது. பிலிப் அண்ணை முதலில் தன் கழுத்தில் கட்டி, தளர்த்திக் கழற்றி, அதை அவள் தலைவழியாகப் போடலாம் என்றார் அருள். வெளியே நின்ற எதிரணிப் பொறுப்பாளர் இதற்காகவே காத்திருந்தவர் போல, “அது மாலை மாத்திறதெல்லே!” என்றார். அந்த வழியும் அடைபட்டது.

ஜெனிற்றா கூடாரத்துக்குள் வந்தாள். அவளுக்கு இந்தத் தாலி விவகாரம் முழுவதாக விளங்கியதா என்று தெரியவில்லை. “அங்கிள், தாங்கோ. நானே கட்டுறன். எனக்கு நாளைக்கு கிளவுசூர் இருக்கு.” பரீட்சையைத்தான் சொன்னாள். வார இறுதிகளில் அவள் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் வேலைசெய்கிறாள், அங்கே சீருடையோடு கழுத்துப்பட்டியும் உண்டு. பிலிப் அண்ணை இரண்டு கைகளாலும் நீட்டினார். வியர்வை காயாத ஜேர்சியின் மேல், கண்ணாடி பார்க்காமல், ஐந்து ஆண்களுக்கு முன்னால் அவள் போட்ட முடிச்சு மிக நேர்த்தியானது. ஐந்து பேரில் அப்படிப் போடத் தெரிந்தவர் இல்லை. கை தட்டினார்கள். ஹெர் வோல்ஃபும் தட்டினார். “புதிய தலைவியா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

பலகை மிச்சம் இருந்தது. அடுத்த வாரம் எங்கள் சமையலறை மேசையில் இருந்து அருள் கல்லூரிக்குப் பெயரை அனுப்ப ஆயத்தமானார். பலகையில் எல்லோருக்கும் முதலெழுத்தும் தகப்பன் பெயரும்தான்.

“ஜே. மரியதாஸ் எண்டு போட்டால் ஒருத்தரும் ஒண்டும் கேளாயினம்” என்றார்.

“ஒருத்தரும் கேளாமல் இருக்கவோ அந்தப் பிள்ளை விளையாடினது?”

“உமக்கு உதெல்லாம் ஒரு சண்டை.”

“அதிபர் என்னைப் பொடியன் எண்டு புகழ்ந்தவர். அது என்னோட போதும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு முழுப் பெயரையும் தட்டினார். நான் நின்று பார்த்தபோதுதான் அனுப்பினார்.

ஐந்து வாரங்கள் கல்லூரியிலிருந்து பதில் இல்லை. ஜெனிற்றா இரண்டு தரம் எழுதிக் கேட்டாள். மூன்றாம் தரம் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் படம் வந்தது. முதலெழுத்துகளின் வரிசைக்குக் கீழே ஒரே ஒரு முழுப் பெயர்: ஜெனிற்றா மரியதாஸ். இடம் போதாமல் கடைசி எழுத்து மரச் சட்டத்தின்மேல் ஏறியிருந்தது. மை இன்னும் காயவில்லை போலிருந்தது.

படத்தை அவளுக்கு அனுப்பினேன். “மண்டபத்துக்குள்ள போனால் எந்தப் பக்கச் சுவர்?” என்று எழுதிக் கேட்டாள். அருளிடம் கேட்டேன். மேடையைப் பார்த்து நின்றால் இடப்பக்கம், யன்னலுக்கு அருகே என்றார். அப்படியே எழுதி அனுப்பினேன்.

ஜெனிற்றா இதுவரை இலங்கைக்குப் போனதில்லை.