மூச்சுக்காரியின் வளையம்

ஆய்வுப் பண்ணையில் அவளுக்கு மூச்சுக்காரி என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. வீட்டில் வாயைத் திறந்தால் மூடமாட்டாள். வயலில் இறங்கிவிட்டாலோ மூச்சுக்கூட விடமாட்டாள். இரண்டுக்கும் சாட்சி, அதே பண்ணையில் டிராக்டர் ஓட்டுகிற அவள் கணவர்தான்.

வேலை இதுதான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வயல்கள். ஒன்றை அறுவடை முடிந்ததும் ஆழ உழுது புழுதியாக்குவார்கள். இன்னொன்றில் கலப்பையே படாது. மக்காச்சோளத் தட்டை கிடந்தது கிடந்தபடி கிடக்க, நடுவே துளை போட்டு விதைப்பார்கள். இரண்டிலும் அங்கங்கே இரும்பு வளையங்கள் மண்ணில் பதிந்திருக்கும். வளையத்தின் மேல் மூடியைக் கவிழ்த்தால், மண் விடுகிற கரியமில வாயு உள்ளே சேரும். எவ்வளவு வேகமாகச் சேருகிறது என்பதை மூடியோடு இணைத்த கருவி காட்டும். மண்ணைக் கிளறினால் காற்று உள்ளே புகுந்துவிடும். மக்கிக் கிடப்பதைக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அவசர அவசரமாகத் தின்னும். மண்ணில் தங்கியிருக்க வேண்டிய கரிச்சத்து வாயுவாகி மேலே போய்விடும். எந்த வயலில் எவ்வளவு போகிறது என்பதுதான் கேள்வி.

இதில் ஒரு சங்கடம். மனிதர் விடும் மூச்சிலும் அதே வாயுதான். மூடியை வைக்கும் நேரத்தில் ஒரு பெருமூச்சு விழுந்தால் அளவு கெட்டது. களையெடுக்க வந்த பெண்களை வைத்துப் பார்த்தார்கள். ஒருத்தி தும்மினாள். இன்னொருத்திக்கு, சிரிக்கக் கூடாது என்று சொன்னதுமே சிரிப்பு வந்துவிட்டது. இவளோ சின்ன வயதிலேயே, கிணற்றில் விழுந்த வாளியை எல்லாம் முங்கி எடுத்துக் கொடுத்தவள். மூச்சை அடக்கி, மூடியை வைத்து, காற்று போகும் பக்கமாகத் தள்ளி நின்ற பிறகுதான் விடுவாள். அன்றிலிருந்து மூடி அவள் கைக்கு வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த வேலையைப் பார்த்தாள். பண்ணையில் வேறு யாராலும் முடியாத வேலை தன்னுடையது என்பதில் அவளுக்குக் கர்வம் உண்டு. அதை ஒளிக்கவும் மாட்டாள்.

வீட்டில் கணவரோடுதான் வம்பு.

"அகல உழுறதைவிட ஆழ உழுன்னு சும்மாவா சொன்னாங்க? உன் வயலைப் பாரு, சீவாத தலை மாதிரி கிடக்கு. டிராக்டர்காரன் இருக்கானா, ஓடிட்டானான்னுதான் பார்க்கிறவன் கேட்பான்."

"இருக்காரு, இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு உத்தரவுன்னு சொல்லுங்க."

இப்படிப் பேசுகிறவர்தான், வெளியே யாராவது அவள் வேலையை ஒரு சொல் குறைத்துப் பேசினால் சண்டைக்குப் போவார்.

சுற்றுவட்டார விவசாயிகள் பண்ணையைப் பார்க்க வருவதாக இருந்தது. அன்று காலை அவள் வழக்கம்போல் அளந்தாள். உழாத வயலில், வழியோரமாக இருந்த வளையத்தில் மட்டும் அளவு எகிறிக்கொண்டு போனது. ஏறக்குறைய உழுத வயல் அளவுக்கு.

மண் பிரிவின் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். அவர் கருவியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"மூச்சு விழுந்துடுச்சாம்மா?"

"இல்லைங்க மேடம்."

"எல்லாருக்கும் ஒரு நாள் தவறும். ஆனா இன்னைக்கு விழுந்திருந்தா, முன்னாடியும் விழுந்திருக்கலாம் இல்லையா? அப்புறம் இந்தப் பருவத்து அளவு எதையும் நம்பி நான் வர்றவங்ககிட்ட பேச முடியாது. மூடியை வேற ஆள்கிட்டதான் கொடுக்கணும்."

மேடம் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அதிகம் வலித்தது. அழுதால் மூச்சு வாங்கும், அது வேறு அளவைக் கெடுக்கும் என்று அவள் அழுகையை அடக்கிக்கொண்டாள்.

"நீங்களே வைங்க மேடம். நான் அந்த மரத்தடிக்குப் போயிடறேன்."

மேடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தானே மூடியை வைத்தார். அதே அளவு. கொஞ்சம் பொறுத்து மறுபடி வைத்தார். அதேதான். முகம் சிவக்க மூச்சை விட்டுவிட்டு அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார். "உன் மேல தப்பில்லம்மா. அப்போ என்னதான் இது?"

அவள் மண்டியிட்டு, வளையத்துக்குள் கிடந்த தட்டையை விலக்கி விரலால் அழுத்தினாள். வருஷக்கணக்காகக் கலப்பை படாத மண். விரல் நகக்கண்ணுக்கு மேல் இறங்கக் கூடாது. முழுசாக இறங்கியது.

"யாரோ கொத்தியிருக்காங்க மேடம்."

அதற்குள் விவசாயிகள் வந்து வரப்பில் கூடியிருந்தார்கள். அவர்களை டிராக்டர் பெட்டியில் ஏற்றி வந்த அவள் கணவர், கூட்டத்துக்குப் பின்னால் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார். அவள் பார்த்த ஒரே பார்வையில் கொட்டிவிட்டார்.

"களைதான்... நேத்து சாயங்காலம். இத்தனை பேர் வர்றாங்களே, உன் வளையம் வழியிலேயே இருக்கே, அலங்கோலமா கிடக்க வேணாம்னு களைக்கொத்தால லேசா ஒரு கிளறு. தட்டையைத் திரும்பப் பரப்பிட்டேன்ல?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி தன் வீட்டிலேயே இருப்பான் என்று அவள் நினைக்கவில்லை. கோபம் வந்தது. அவள் பெயர் நன்றாக இருக்க வேண்டும் என்று செய்த காரியம் அல்லவா, அந்தக் கோபம் நிலைக்கவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெருமிதம்: ஒரு களைக்கொத்தின் கிளறலைக்கூட அவள் மூடி விடாமல் பிடித்திருக்கிறது.

"இந்த வளையம் இனி நம்ம கணக்குல வராது, வேற பதிப்போம்," என்றார் மேடம். "ஆனா இன்னைக்கு இவங்களுக்குக் காட்ட இதைவிட நல்லது கிடைக்காது. நீயே சொல்லும்மா."

அவள் சொன்னாள். வயலில் நின்று அவள் பேசியதை அன்றுதான் பண்ணை கேட்டது. கேட்டு முடித்த ஒருவர், "லேசா கிளறினதுக்கே இப்படின்னா, நான் ரெண்டு உழவு, மூணு உழவுன்னு ஓட்டுறேனே?" என்றார், பாதி தனக்குத்தானே.

இன்னொருவர் டிராக்டர்காரரைச் சீண்டினார். "என்னப்பா, மண்ணே உன்னைக் காட்டிக் கொடுத்துடுச்சு?"

"மண்ணுக்கு வாய் ஏது? காட்டிக் கொடுத்தது என் பொண்டாட்டி," என்றார் அவர், ஏதோ பரிசு வாங்கியவர் போல. இன்னும் பேசியிருப்பார்.

அவள் மூடியைக் கையில் எடுத்தாள். அவர் சட்டென்று வாயை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவரைப் பார்த்து பக்கத்தில் இருந்தவர், பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், கடைசியில் மேடமும். வரப்பில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. அவள் குனிந்து, நிதானமாக மூடியை வைத்தாள்.