ஜிப் அக்கா எந்த ஊர்?

அந்த ஊரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் கிடையாது. அங்கே பிறந்தவர்களுக்கு அதில்தான் அத்தனை பெருமையும். காலையில் துவைத்துக் காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் சாம்பல் நிறத்தில் வீட்டுக்குள் வரும். இரும்பு உருக்கும் ஆலைகளின் கரி, ரயில் யார்டின் புகை, லாரிகள் கிளப்பும் தூசி என்று மூச்சுக்கு மூன்று தினுசு. "எங்க ஊர்ல ஒரு மாசம் குடியிருந்து பாரு, அப்புறம் பேசு" என்று அவர்கள் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். ஏதோ அரண்மனையைச் சுற்றிக்காட்டுகிற தோரணை.

அப்படிப்பட்ட ஊரில், ரயில் பாதையை ஒட்டிய தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தாள் ஜிப் அக்கா. புதுத் துணி தைப்பதில்லை. பேண்ட் அடி மடிப்பாள், இடுப்பு பிரிப்பாள், முக்கியமாக ஜிப் மாற்றுவாள். அந்தத் தெருவில் ஜிப் போகாத ஆள் இல்லை. போன மறு நிமிடம் பையால் முன்பக்கத்தை மறைத்துக்கொண்டு ஓடிவருவார்கள். அக்கா ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். திரைக்குப் பின்னால் போகச் சொல்லி ஒரு பழைய படுக்கை விரிப்பை நீட்டுவாள். வந்தவர் அதைச் சுற்றிக்கொண்டு நிற்கும் நேரத்தில், ஜிப்பின் பல் போயிருக்கிறதா, அதை ஏற்றி இறக்கும் ரன்னர்தான் வாய் பிளந்திருக்கிறதா என்று ஒரே இழுப்பில் கண்டுபிடித்துவிடுவாள். ரன்னர் என்றால் குறட்டால் ஓர் அமுக்கு, வேலை முடிந்தது. தெருவின் மானம் மொத்தமும் அந்தக் குறட்டில் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

மெஷின், ஒரு முக்காலி, நூல்கண்டுப் பெட்டி, அக்காவின் முழங்கால், இவ்வளவுக்குத்தான் அங்கே இடம். நிமிர்ந்தால் படிக்கட்டு தலையில் இடிக்கும். ஆனாலும் அவளுக்கென்று உலகத்தில் இருந்த ஒரே இடம் அதுதான். மேலே இருந்த ஒற்றை அறையில் பாதி அவள் கணவனுடைய வேனின் டயர்களுக்கும் பேட்டரிகளுக்கும் போய்விட்டது. மீதிப் பாதியில் கணவன்.

முதல் மாடியில் அவளுடைய நாத்தனார். கணவனின் அக்கா. பிறந்த அறையிலேயே இன்றைக்கும் படுத்துத் தூங்குகிறவர். சோப்பு ஆலையில் பெட்டி ஒட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, யார் இந்த ஊர்க்காரர், யார் இல்லை என்று தீர்ப்புச் சொல்வதை முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டார். அதனால் தெருவில் அவருக்கு 'அசல்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே சொல்ல எவனுக்குத் துணிச்சல்?

ஜிப் அக்கா கல்யாணமாகி வந்த அன்று, பெட்டியை இறக்கி வைப்பதற்குள், நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மரத்தடி ஊர்ப் பொண்ணு. ஆறு மாசம் தாங்க மாட்டா" என்றார். ஆறு மாதம் தாங்கினாள். "பத்து வருஷம் இந்தத் தண்ணியைக் குடிச்சாத்தான் ஊர்க்காரி" என்றார். பத்து வருஷமும் குடித்தாள். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குத் தெரியும் அது என்ன சாதனை என்று. "தண்ணி குடிச்சா ஆச்சா? பஸ்ல உன் பர்ஸை எவனாவது அடிச்சிருக்கணும். அப்பத்தான் ஊர் உன்னைத் தொட்டதுன்னு அர்த்தம்."

அதற்கடுத்த வருஷம் ஒருநாள் ஜிப் அக்காவின் பர்ஸ் போயிற்று. பேருந்திலிருந்து வாயெல்லாம் பல்லாக இறங்கி ஓடிவந்தாள். பறிகொடுத்துவிட்டுச் சிரிக்கிற பெண்டாட்டியைப் பார்த்துக் கணவன் அரண்டுபோனான். அவள் இரண்டு இரண்டு படியாகத் தாவி முதல் மாடிக்குப் போனாள்.

"அண்ணி, என் பர்ஸை அடிச்சுட்டாங்க!"

"எங்க?"

"மணிக்கூண்டு ஸ்டாப்ல."

நாத்தனார் உதட்டைப் பிதுக்கினார். "அங்க வெளியூர்க்காரங்ககிட்டதான் அடிப்பாங்க."

அன்றைக்கு ஜிப் அக்கா முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். பர்ஸுக்காக இல்லை. அதன் பிறகு கரிப் புகையில் இருமல் வந்தபோதுகூட அவள் போய்ச் சொல்லவில்லை. வேறு யாரோ சொன்னதற்கு, "அது சளி" என்று மேலேயிருந்து தீர்ப்பு வந்துவிட்டது. கணவனிடம் முறையிட்டால், "நீங்க ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவான். அந்த வேனின் டயர்களில் காற்று குறைந்ததே கிடையாது.

இப்படி இருபத்தைந்து வருஷம் ஓடிய பிறகுதான் பனியன் தம்பி வந்து சேர்ந்தான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், வீட்டுக்கு வீடு புல்வெளி இருக்கிற பகுதியில் பிறந்த பையன். இந்தத் தெருவில் ஒரு கடை பிடித்து, 'அழுக்கு' என்று பெயர்ப் பலகை மாட்டினான். உள்ளே டீ-ஷர்ட்கள். புத்தம் புதுத் துணியில் கிரீஸ் கறை அச்சடித்தது, ஆலைப் புகைபோக்கி அச்சடித்தது, 'கரிதான் என் தாய்ப்பால்' என்று எழுதியது. ஜனங்கள் கார் போட்டுக்கொண்டு வந்து வாங்கினார்கள். நாத்தனார் ஜன்னலில் நின்று அந்த வாசகத்தைப் படித்துவிட்டு, அவனுடைய தாயாருக்கு யாராவது தகவல் சொன்னார்களா என்று கேட்டார்.

பையன் கெட்டவன் இல்லை. வந்த முதல் வாரமே ஒரு ஜீன்ஸைக் கொண்டுவந்து அடி மடித்துத் தரச் சொன்னான். இரண்டு முட்டியும் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஐயோ பாவம், கேட்கக் கூச்சப்படுகிறான் என்று ஜிப் அக்கா மனசு இளகி, கிழிசல் இருந்த இடமே தெரியாமல் இழையெடுத்து இரண்டு முட்டியையும் தைத்துக் கொடுத்துவிட்டாள். அவன் அதைப் பிரித்துப் பார்த்து நின்ற நிலை, வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி இருந்தது. இருந்தாலும் "ரொம்ப நன்றிக்கா" என்றுதான் சொன்னான். வளர்ப்பு அப்படி.

வினை வேறு வழியாக வந்தது. கடை சிறிதாக இருக்கிறது, பக்கத்தில் இருக்கும் படிக்கட்டின் அடியில் இந்த ஊரின் ஆன்மாவைக் காட்டும் ஒரு சின்னக் கண்காட்சி வைக்கலாமா என்று பையன் நகராட்சிக்கு எழுதிவிட்டான். அங்கே ஒரு தையல்காரி உட்கார்ந்திருப்பது அவன் கண்ணில் படாமல் இல்லை. அவளையும் கண்காட்சியில் சேர்த்தே யோசித்திருந்தான். அவனுடைய கடிதம் போன பிறகுதான் அப்படி ஒரு படிக்கட்டு தனக்குச் சொந்தம் என்பதே நகராட்சிக்கு ஞாபகம் வந்தது. விதியைப் புரட்டினார்கள். அந்த இடத்தை அந்தத் தெருவைச் சேர்ந்தவருக்குத்தான் கொடுக்கலாம். சேர்ந்தவர்தான் என்று, அங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவர் நேரில் வந்து சொல்ல வேண்டும். இரண்டு பேரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

பெண்டாட்டிக்குப் புருஷன் சாட்சி சொல்ல விதியில் இடமில்லை. அவனை விட்டால், அந்தத் தெருவில் பிறந்து, இன்னும் உயிரோடும் நடமாட்டத்தோடும் இருந்தது ஒரே ஆள். யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜிப் அக்கா பாதித் தையலில் மெஷினை நிறுத்தினாள். மானத்தை விட்டு முதல் மாடி ஏறினாள்.

"அண்ணி, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"வருஷத்தைக் கேட்டா வருஷத்தைச் சொல்றேன். நல்லவளான்னு கேட்டா, ஏதோன்னு சொல்றேன். இந்தத் தெருக்காரியான்னு கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

"அந்த இடம் போச்சுன்னா நான் எங்க போவேன்?"

"அது வேற விஷயம்" என்றார் நாத்தனார். கல் நெஞ்சு என்று நினைத்துவிட வேண்டாம். அன்று ராத்திரி சாப்பிடாமல்தான் படுத்தார். ஆனால் வாழ்நாளெல்லாம் ஒரே ஒரு விஷயத்தில் நாணயமாக இருந்துவிட்டு, அதில் கை வைக்க அவருக்கு வரவில்லை.

விசாரணைக்கு மட்டும் முதல் ஆளாகக் கிளம்பிவிட்டார். அரசாங்கமே 'பூர்வீகக் குடியிருப்பாளர்' என்று பெயரெழுதிக் கூப்பிட்டிருக்கிறது, விடுவாரா? இருப்பதிலேயே நல்ல உடுப்பு, பாலிஷ் போட்ட செருப்பு, கையில் பிறந்த சான்றிதழ். ஜிப் அக்கா பின்னாலேயே, தூக்கு மேடைக்குப் போகிறவள்போல் நடந்தாள்.

அலுவலகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், உயரமான கட்டடத்தில். கண்ணாடி ஜன்னலெல்லாம் சாத்தி, ஏசி போட்டு, ஊசி விழுந்தால் கேட்கும்படி ஓர் அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி அம்மா. அவருக்கு இதைச் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த கோப்பை எடுக்க வேண்டும்.

பனியன் தம்பி முதலில் பேசினான். என்ன பேச்சு! கரியும் வியர்வையும் கலந்த காற்றைச் சுவாசித்த முதல் நாளே தனக்கு இன்னொரு பிறவி கிடைத்தது என்றான். பிறப்பு ஒரு விபத்து, ஊரைத் தேர்ந்தெடுப்பதுதான் காதல் என்றான். ஜிப் அக்காவுக்கே கண் கலங்கிவிட்டது. அப்படியெல்லாம் அந்த ஊரைப் பற்றி அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அப்படியானால் இவன்தான் ஊர்க்காரனோ என்று பயந்தாள்.

"நீங்க சொல்லுங்க" என்றார் அதிகாரி அம்மா. "அந்தத் தெருவைச் சேர்ந்தவங்கன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"மேடம், நான் கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து…" என்று ஆரம்பித்தாள் ஜிப் அக்கா.

"வந்தவதான் மேடம்!" என்று குறுக்கே பாய்ந்தார் நாத்தனார். "அவளே சொல்றா பாருங்க. பிறந்தது நான். என்னோட சான்றி…"

சொல்லுக்கு நடுவே நிறுத்தினார். ஜிப் அக்காவும் திறந்த வாயை மூடிக்கொண்டாள். இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஏசியின் சத்தம் மட்டும் கேட்டது. அதிகாரி அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பையன், "அவங்களுக்குப் பதட்டமா இருக்கு போல மேடம். நான் வேணா தொடரட்டுமா? இந்த ஊரோட ஆன்மா என்னன்னா…" என்று பேசிக்கொண்டே போனான். கடைநிலை ஊழியர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"…தழ்கூட இருக்கு மேடம்" என்றார் நாத்தனார்.

"…மாடிப்படிக்குக் கீழதான் இருக்கேன் மேடம்" என்றாள் ஜிப் அக்கா, அதே நொடியில்.

"ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்றார் அதிகாரி அம்மா.

"என்ன ஆச்சு?" என்று இருவரும் திருப்பிக் கேட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தெருவின் பின்பக்கம் தினமும் பதினொன்றேகாலுக்கு ஒரு கூட்ஸ் வண்டி போகும். பாத்திரம் பண்டமெல்லாம் ஆடும். பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் தெருவே பேச்சை நிறுத்திவிடும். பேரம், சண்டை, காதல் எதுவானாலும் சரி. வண்டி போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடரும். இப்படிச் செய்கிறோம் என்பதே அங்கே ஒருவருக்கும் தெரியாது. மூச்சு விடுவதை யார் கவனிக்கிறார்கள்?

நாத்தனார்தான் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றேகால் தாண்டி முள் கொஞ்சம் நகர்ந்திருந்தது. ரயில் போகாத பக்கத்தில், சத்தமே இல்லாத அறையில், தன்னுடைய வாய் தானாக மூடிக்கொண்டது அவருக்கு உறைத்தது. மெதுவாகத் திரும்பித் தம்பி பெண்டாட்டியைப் பார்த்தார்.

"நீ ஏன்டி நிறுத்தின?"

"நான் எங்க அண்ணி நிறுத்தினேன்? பேசிட்டுத்தானே இருக்கேன்?"

நாத்தனார் இன்னொரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பையன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ ஏன் நிறுத்தல?"

"எதை ஆன்ட்டி நிறுத்தணும்?"

"கூட்ஸ் வண்டி."

"ஓ, அதுவா? கடையில அந்த நேரத்துக்குக் காதுல ஹெட்ஃபோன் மாட்டிக்குவேன் ஆன்ட்டி. தலைவலி வந்துடும்."

நாத்தனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மேடம், எழுதிக்குங்க. இவ எங்க தெருக்காரி. எனக்கு இதுல சந்தோஷம் இல்ல. ஆனா உண்மையை மறைக்க முடியாது."

"திடீர்னு எப்படி? இப்பத்தானே வந்தவன்னு சொன்னீங்க?"

"இப்பத்தான் எனக்கே தெரிஞ்சது."

"காரணம்னு என்ன போடறது? சும்மா இருந்தாங்கன்னா?"

"அதேதான் போடுங்க. இருக்க வேண்டிய நேரத்துல சும்மா இருந்தா. அந்தப் பையனால முடியல."

அதிகாரி அம்மா பேனாவைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பூர்வீகக் குடியிருப்பாளர் நேரில் வந்து சொல்லிவிட்டார். விதிக்கு அது போதும். முத்திரையைக் குத்தி, இடம் தையல்காரிக்கு என்று எழுதிவிட்டு, அடுத்த கோப்பை இழுத்தார். பனியன் தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. இருந்தாலும் எழுந்து அக்காவிடம் கை குலுக்கினான். அந்த மௌனத்தை ஒரு டீ-ஷர்ட்டில் எப்படி அச்சடிப்பது என்று போகிற வழியிலேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

லிஃப்டில் இறங்கும்வரை ஜிப் அக்கா தாக்குப் பிடித்தாள். வாசலுக்கு வந்ததும் முடியவில்லை. இருபத்தைந்து வருஷத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, குலுங்கிக் குலுங்கி அழுதாள். நாத்தனாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறந்த சான்றிதழை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு அவள் முழங்கையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார்.

"ரோட்டுல நின்னு அழாதடி. பாக்கறவங்க நம்மளை வெளியூர்னு நினைச்சுக்கப் போறாங்க."