கிணற்றில் கிடந்த சால்

கழனிகளில் மோட்டார் வந்த பிறகு, மாடு கட்டித் தண்ணீர் இறைத்த இரும்புச் சால்கள் துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றைக் கேட்டு வாங்கி விற்கலாம் என்று நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பினோம். முதலில் போனது தாமல் பக்கம், தூர்ந்துபோன ஒரு கிணற்றுக்கு. அடியில் ஒரு சால் கிடப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

அவர் கயிற்றைப் பிடித்து இறங்கினார். அசலூரில் வாய் திறந்து அவரைக் கூப்பிடவே எனக்குக் கூச்சம். அதனால், தான் நன்றாக இருப்பது எனக்குத் தெரிய, சால்மேல் கல்லால் தட்டிக்கொண்டே இருப்பதாகச் சொல்லியிருந்தார்.

தட்டும் சத்தம் சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தேன், ஒரே இருட்டு. விஷக்காற்று அடித்துக் கிணற்றுக்குள் செத்தவர்களைப் பற்றிக் கேட்டிருந்தேன். "என்னாங்க, என்னாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. புருஷன் பேரை அதுவரை நான் சொன்னதே இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தப் பேரைச் சொல்லிக் கத்தினேன்.

"கத்தாதடி! பொந்துல பாம்பு இருக்குது. அது போவட்டும்னு அசையாம நின்னுக்கினு இருக்கறேன்!"

பாம்பு போய், அவர் மேலே ஏறி வரும்வரை கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இனிமே தட்டல்லாம் மாட்டேன். நீ பேர சொல்லியே கூப்புடு" என்று சிரித்தார்.

"ஐயோ, நீங்க தட்டுங்க" என்றேன்.

அடுத்த கிணற்றில் அவர் இறங்கியதும், அந்தப் பேரை வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.