கண்ணளவு டைலரின் கோழிகள்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. கண்ணளவு டைலர், அவ்வளவுதான். கழுத்தில் டேப் தொங்கும். அதை எடுத்து ஒருவர் இடுப்பில் அவர் சுற்றியதை யாரும் பார்த்ததில்லை. ஆளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார், முப்பத்திநாலு என்பார், சீட்டில் எழுதிக்கொள்வார். முப்பத்தாறு இடுப்புக்காரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த பேண்டோடு நடமாட வேண்டியதுதான். திரும்பி வந்து முறையிட்டால், "துணி குடுத்தப்ப இருந்த உடம்பா இது? சாப்பாட்டைக் குறைங்க" என்று அனுப்பிவிடுவார். இருபத்தெட்டு வருடம் இப்படியே தைத்தார். ஊர் முழுக்கத் தப்பான உடம்போடு திரிகிறது என்பதில் அவருக்குக் கடைசிவரை சந்தேகம் வரவில்லை.

அதே கடைவீதியில் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, ரெடிமேட் கடை திறந்தான். போட்டுப் பார்த்து வாங்கலாம் என்ற ஒரே வசதிக்காகவே சனம் அங்கே போய் மொய்த்தது. டைலர் தன் கடையில் ஈ ஓட்டினார். அவர் கடையை மூடிய அன்று சாயங்காலமே மச்சினன் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, நம்ம கடையில வந்து உட்காருங்க. வாசல்ல ஒரு மெஷின் போட்டுத் தர்றேன். கால் நீளமா இருந்தா மடிச்சுத் தைக்கணும், பட்டன் விட்டுப்போனா வைக்கணும். அவ்வளவுதான் வேலை."

டைலருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மச்சினன் கடை வாசலில், போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்க, எவனோ தைத்த பேண்டுக்குக் கால் மடித்துக்கொண்டு உட்காருவதா? அதைவிட வேறு எதையும் செய்யலாம் என்று நினைத்தார். வேறு எது என்று யோசித்தபோது கையில் அகப்பட்டது கோழி.

தெருமுனை பேக்கரிக்காரர் ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார். லாரியில் வரும் முட்டையில் பாதி பழசு, மீதி உடைசல். "தினம் இருபத்தஞ்சு முட்டை, அன்னன்னிக்குப் போட்டதா குடுத்தீங்கன்னா உங்ககிட்டயே வாங்கிக்கறேன். ஆனா இன்னைக்கு இருக்கு, நாளைக்கு இல்லங்கற கதை எனக்கு ஆகாது" என்றார். டைலர் அன்றே வீட்டுப் பின்புறத்தில் தகரக் கொட்டகை போட ஆரம்பித்துவிட்டார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அம்மாவிடம் யோசனை கேட்டது டைலர் அல்ல, அவர் மனைவி. கேட்பதெல்லாம் டைலருக்கு வழக்கமில்லை.

"முட்டைக்குன்னா அந்த ஒடிசலான சிவப்புக் கோழி வாங்குங்க" என்றார் அந்த அம்மா. "சின்ன உடம்பு, கம்மியாத் தின்னும், தின்னதையெல்லாம் முட்டையா இறக்கிடும். முட்டையை நிறுத்திட்டு லேசில அடைக்கு உட்காராது. கறுப்புல பெருசா ஒரு இனம் இருக்கு, பார்க்கத்தான் லட்சணம். தின்னது பூரா உடம்புலதான் ஏறும்."

டைலர் சிரித்தார். "எலும்பும் தோலுமா இருக்கறது முட்டைக்கு எங்க போகும்? குடுக்கறதுக்கு உடம்புல ஏதாவது இருக்க வேணாமா?"

பண்ணையில் அந்தக் கறுப்புக் கோழிகளைப் பார்த்ததும் சொக்கிப்போனார். அகன்ற மார்பு, பட்டுத்துணி மாதிரி பளபளப்பு, கால்வரைக்கும் இறகு. அறுபதையும் கறுப்பாகவே வாங்கியிருப்பார். "பாதியாவது சிவப்பு வாங்குங்க, இல்லன்னா நீங்க கடைக்கு வர்றீங்கன்னு தம்பிகிட்ட இப்பவே சொல்லிடறேன்" என்று மனைவி அங்கேயே நின்றுவிட்டாள். முப்பதும் முப்பதுமாக வந்து சேர்ந்தன.

இரண்டு இனமும் இட்டது ஒரே பழுப்பு நிற முட்டை. எது எதனுடையது என்று பார்த்துச் சொல்ல முடியாது. டைலருக்கு இது ரொம்ப வசதியாகப் போயிற்று. தினம் முட்டை முப்பதுக்கு மேல் வந்தது. பேக்கரிக்குப் போக மீதியை அக்கம்பக்கத்தில் வாங்கிக்கொண்டார்கள். அத்தனை பெருமையையும் தூக்கிக் கறுப்புக் கோழிகளிடம் கொடுத்தார்.

முட்டை பொறுக்கியது மனைவி. அவள் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். "கறுப்பெல்லாம் பாதி நேரம் வெயில் காயுதுங்க. முட்டைப் பெட்டியில ஏறி எறங்கறது முக்கால்வாசி சிவப்புதான்."

"அதுங்க தூங்கப் போகுது" என்றார் டைலர்.

ஆறு மாதத்தில் சிவப்புக் கோழிகள் கண்கொண்டு பார்க்க முடியாத கோலத்துக்கு வந்துவிட்டன. கழுத்தில் இறகு இல்லை, முதுகில் வெறும் தோல், காலில் இருந்த மஞ்சள்கூட வெளுத்துப்போய்விட்டது. கறுப்புகளோ இன்றைக்குத்தான் கடையில் வாங்கியதுபோல் மினுங்கின. அந்த நேரம் பார்த்து பேக்கரிக்காரர், ஞாயிற்றுக்கிழமை வந்து கொட்டகையைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். இந்த வழுக்கைக் கூட்டத்தை அவர் கண்ணில் காட்டுவதா? டைலருக்கு மானம் போகிற பிரச்சினையாகிவிட்டது.

அந்த வாரம் தடுப்பூசி போட வந்த அம்மாவிடம், சிலதைக் கழித்துவிடப் போவதாகச் சொன்னார். அந்த அம்மா ஒரு கோழியைத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினார். "வாலுக்குக் கீழ ரெண்டு எலும்பு இருக்கு பாருங்க. நடுவுல மூணு விரல் போச்சுன்னா முட்டை போடுதுன்னு அர்த்தம். ஒரு விரலே போகலன்னா சும்மா உட்கார்ந்து தின்னுதுன்னு அர்த்தம். முட்டையா போட்டுத் தள்ளுற கோழிதான் இப்படிக் கிழிஞ்சு கிடக்கும். கழிக்கறதா இருந்தா அளந்து பார்த்துக் கழிங்க."

"அளந்தா?" என்றார் டைலர், யாரோ அவரை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னதுபோல.

சனிக்கிழமை மனைவி தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். டைலர் கொட்டகை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தார். ஒரு விரலைக்கூட நீட்டவில்லை. இது, அது, அந்த மூலையில் நிற்கும் பிச்சைக்காரி என்று பதினாறு சிவப்பைப் பொறுக்கி எடுத்து, அடுத்த தெருவில் இருக்கும் ரிட்டையரான கண்டக்டருக்குச் சும்மாவே தூக்கிக் கொடுத்தார். "குழம்புக்கு ஆகும்" என்று தாராளமாகச் சொல்லிவிட்டு வந்தார். ஞாயிறன்று பேக்கரிக்காரர் வந்து, கறுப்புகளைப் பார்த்து, கோழி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். டைலர் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

திங்கட்கிழமை முட்டை இருபதைத் தாண்டவில்லை. இரண்டு வாரத்தில் கறுப்புகளில் ஏழெட்டு அடைக்கு உட்கார்ந்துவிட்டன. கிட்டே போனால் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வந்தன. முட்டை பதினைந்துக்கு இறங்கியது. டைலர் தீவனக்காரனைத் திட்டினார், வெயிலைத் திட்டினார், பக்கத்து வீட்டு மிக்ஸியைத் திட்டினார். கொட்டகையில் யார் குறைகிறார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை. "இந்த மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துப் பார்க்கறேன். அப்புறம் லாரிக்காரனையே வரச் சொல்லிடுவேன்" என்றார் பேக்கரிக்காரர். மச்சினன் வேறு, பாவம், நல்ல மனதோடு வந்து, மெஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். அதைக் கேட்டதிலிருந்து டைலருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாசலில் உட்கார்ந்து பட்டன் வைப்பது மாதிரி பகலிலேயே கனவு வந்தது.

ஒருநாள் காலை கண்டக்டர் அவரை வழிமறித்து, கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். பின்கட்டில் அதே பதினாறு கோழிகள். முன்னைவிட அசிங்கமாக இருந்தன. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய முட்டை.

"குழம்பு வைக்கலாம்னுதான் இருந்தேன். ரெண்டாம் நாளே முட்டையப் பார்த்துட்டு விட்டுட்டேன்" என்றார் கண்டக்டர். "ஒரு நாளைக்குப் பதினாலு, பதினஞ்சு வருது டைலர். உங்க கண்ணே கண்ணு. நல்லதாப் பார்த்து எனக்குக் குடுத்துட்டீங்க."

ஊசி போடும் அம்மா சொன்னது ஒவ்வொன்றும் அந்தக் கூடையில் உட்கார்ந்திருந்தது. டைலருக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் வாய் இருக்கிறதே, அது இருபத்தெட்டு வருடப் பழக்கம்.

"ஆமா, பார்த்துதான் குடுத்தேன்" என்றது.

"எங்க ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு? நாலு போதும். மீதி பன்னெண்டை எடுத்துட்டுப் போங்க. பேக்கரிக்குக் குறையுதுன்னு கேள்விப்பட்டேன்."

எடுத்துக்கொண்டு வந்திருந்தால் அன்றைக்கே பிரச்சினை முடிந்திருக்கும். "குடுத்ததைத் திரும்ப வாங்கற வழக்கம் நமக்கில்ல" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்து வந்துவிட்டார். வந்ததோடு விட்டாரா? அந்தப் பெருந்தன்மையை மனைவியிடமும் விரிவாக எடுத்துச் சொன்னார்.

அவள் முழுக்கக் கேட்டாள். உள்ளே போய்ப் பெரிய கூடையை எடுத்து வந்தாள். செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?"

"கண்டக்டர் வீட்டுக்கு."

"நான் வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இப்ப என்னன்னு சொல்லி வாங்குவ?"

"எங்க வீட்டுக்காரருக்குக் கோழி பார்க்கத் தெரியாதுன்னு சொல்லி வாங்குவேன்."

டைலர் வாயைத் திறந்தார். போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் நின்றிருப்பாள். நின்றால் அடுத்த மாதம் முதல் தேதி அவர் மச்சினன் கடை வாசலில் உட்கார வேண்டும். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர், கூடை ஒன்று போதாது என்று தோன்றியதும், பரணிலிருந்து இன்னொரு கூடையை இறக்கி எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தார்.