என் தாளம் தாங்காத ஆம்ப்ளிஃபையர்

திருப்பதியில் மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் அந்த இரண்டையும் முதலில் பார்த்தபோது கொசுவலைக் கதவு என்றுதான் நினைத்தேன். ஆள் உயரம், கறுப்புச் சட்டம், நடுவில் கம்பி வலை. இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்து ஜன்னல் தெரிகிறது.

"கதவு நல்லாத்தான் கீது. எந்த வாசலுக்கு?" என்று கேட்டேன்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, அது ஸ்பீக்கரு. கிட்ட போவாத, உள்ள கரண்ட் கீது."

எனக்குத் தெரிந்த ஸ்பீக்கர் கல்யாண வீட்டு வாசலில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைப்பது, பக்கத்தில் போனால் நெஞ்சில் உதைப்பது. இதில் பெட்டியே இல்லை. மாப்பிள்ளை பொறுமையாக விளக்கினார். வலைக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கிறதாம், பால் கவரைவிட மெல்லிசு. கரண்ட் அதை இப்படியும் அப்படியும் இழுக்க, தாள் அசைந்து சத்தம் வருகிறதாம். பேர் எலக்ட்ரோஸ்டாடிக். அந்தப் பேர் என் வாயில் படிய நாலு நாள் ஆயிற்று. பெங்களூரில் யாரோ வெளிநாடு போகிறவர் வைத்திருந்ததை வாங்கி வந்திருக்கிறார். மாப்பிள்ளை ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். குடி இல்லை, சீட்டு இல்லை, இந்தப் பைத்தியம் ஒன்றுதான். அதனால் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

நான் சித்தூரிலிருந்து வந்தது அந்தக் கதவுகளைப் பார்ப்பதற்காக இல்லை. எனக்கு ஒரு வழக்கு இருந்தது.

எங்கள் தெருப் பஜனைக் கோஷ்டியில் தாளம் போடுகிறவள் நான். வெண்கலத் தாளம், சின்னதுதான், ஆனால் தட்டினால் தெருமுனைக்குக் கேட்கும். முப்பது வருடமாக அது வேறு கை அறியாது. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு எனக்குப் போதும் என்று சொல்லிவிட்டார்கள், இப்போதும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். தாளத்தில் மட்டும் என்னிடம் யாரும் பேச முடியாது என்று இருந்தவள்.

போன மார்கழி முடிகிற நாளில் எங்கள் கோஷ்டியைத் திருப்பதியில் ஒரு மண்டபத்தில் பாடக் கூப்பிட்டார்கள். கடைசிப் பாட்டு வேகமான நாமாவளி. பாதியில் பாட்டு ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம் என்று பிய்த்துக்கொண்டது. பாடுகிற அம்மா வாயை மூடிவிட்டாள். முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

மிருதங்கம் வாசிக்கிறவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு உடம்புக்குத்தான், குரலுக்கு இல்லை.

"தாளம் ஓடிடுச்சு" என்றார் எல்லார் எதிரிலும்.

"மிருதங்கம் ஓடிச்சு" என்றேன்.

"மெல்ல, மெல்லன்னு சொல்லிக்கினே வந்தேன் தங்கச்சி. நீ காதுலயே வாங்கல."

"பொய். நீங்க வாயே தொறக்கல. கற்பூரம் கொளுத்துங்க, அணைச்சுக் காட்டறேன்."

நல்லவேளை, யாரிடமும் கற்பூரம் மிச்சம் இருக்கவில்லை.

பதினோரு மாதம் இதே பேச்சு. மறு மார்கழி நெருங்கியதும் பாடுகிற அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். "ஓடினது யாருன்னு நீங்க ரெண்டு பேரே முடிவு பண்ணிக்கினு வாங்க. ஓடினவங்க இந்த மார்கழி கை வெக்க வேணாம்."

மார்கழியில் தாளம் இல்லாமல் நான் எதற்கு? தெருவில் எப்படி நடப்பது?

மண்டபத்தில் பாடிய அன்றைக்கு மாப்பிள்ளை இரண்டு மைக் வைத்து எங்கள் பாட்டைப் பதிவு செய்திருந்தார். போனில் போட்டுக் கேட்டால் எல்லாம் சேர்ந்து கூழாக இருந்தது. "நான் வாங்கின ஸ்பீக்கர்ல கேட்டா யார் எங்க உக்காந்தாங்கன்னே தெரியும் அத்த. நீங்க இடது, அவரு வலது. யார் முந்தினாங்கன்னு பச்சையா தெரிஞ்சிடும்" என்றார். சரி, வழக்கு முடியட்டும் என்று நானும் மிருதங்கக்காரரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். அவர் என்னோடு பேசவில்லை. திருப்பதி வரைக்கும் கண்டக்டருக்குச் சில்லறை கொடுக்கும் முறையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த ஸ்பீக்கருக்கு முன்னால் கூடத்தில் ஒரே ஒரு இடம்தான் சரியான இடமாம். அரை முழம் தள்ளி உட்கார்ந்தால் சத்தம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அந்த நாற்காலி யாருக்கு என்பதில் ஒரு கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் நான் முன்னால், அவர் பின்னால் ஒரு ஸ்டூலில், ஸ்கூட்டரில் போகிறவர்கள் மாதிரி உட்கார்ந்தோம். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

மாப்பிள்ளை பாட்டைப் போட்டார். பொய் சொல்லக்கூடாது, உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டு கதவுக்கும் நடுவில் காற்றில் அந்த அம்மா நின்று பாடுகிறாள். மூச்சு எடுப்பது கேட்கிறது. நான் புடவைத் தலைப்பை இழுத்துச் சரி செய்துகொண்டேன். பிறகு என் தாளம் வந்தது. ஒரே ஒரு தட்டு. டக். எல்லாம் நின்றுவிட்டது. கீழே இருந்த பெட்டியில் சிவப்பு விளக்கு.

மறுபடி போட்டார். பாட்டு, மூச்சு, தாளம், டக். இன்னொரு முறை. டக்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "பாத்தியா தங்கச்சி? கரண்டுக்கே உன் தாளம் தாங்கல."

எனக்கு முகம் சுட்டது. மாப்பிள்ளை அவசரமாகச் சொன்னார். "தாளத்துல தப்பு இல்ல அத்த. இந்த மாதிரி ஸ்பீக்கர் ஜிங்குனு வர்ற மேல் சத்தத்துக்குக் கரண்ட ரொம்ப இழுக்கும். என்னோட ஆம்ப்ளிஃபையர், அந்தக் கீழ்ப் பெட்டி, சின்னது. பயந்து தானே நிறுத்திக்குது."

எங்கள் போர் மோட்டார் கதைதான் இது. லோடு கூடினால் ஸ்டார்ட்டர் தானே விழுந்து மோட்டாரை நிறுத்திவிடும். என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் மோட்டாரைத் திட்டுவார். நான்தான் ஸ்டார்ட்டரை மாற்றச் சொன்னேன்.

"சின்ன ஸ்டார்ட்டர் போட்டுக்கீறீங்க மாப்ள. பெருசா போடுங்க" என்றேன்.

மாப்பிள்ளை என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "இதைப் புரிஞ்சிக்க நான் ஆறு மாசம் நெட்டுல படிச்சேன் அத்த" என்றார். நான் பின்னால் திரும்பி மிருதங்கக்காரரைப் பார்த்தேன்.

மறுநாள் மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர், இந்த மெஷின்களை வாங்கி விற்கிற தெலுங்குக்காரர், காரில் இரண்டு ஆம்ப்ளிஃபையர் கொண்டுவந்தார். கேட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு.

முதலில் வைத்தது பல்பு மெஷின். மேலே வரிசையாகக் கண்ணாடி பல்புகள், அகல் மாதிரி மினுக்மினுக்கென்று எரிகின்றன. சூடேற அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். "பெத்தம்மா, இதி சால ஸ்வீட்" என்றார் சிநேகிதர். ரொம்பவே ஸ்வீட்தான். நிற்கவும் இல்லை. மிருதங்கம் நெய்ச்சோறு தின்ற மாதிரி கும்மென்று வந்தது. பின்னால் ஸ்டூலில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, இன்னா கை! யாரு கை அது!" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பாட்டு உடைகிற இடம் வந்தது. எல்லாம் ஒன்றோடு ஒன்று குழைந்து போனதே தவிர யார் ஓடினார் என்று தெரியவில்லை. பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி அந்த மெஷின் எல்லாருக்கும் தலையாட்டியது.

"இதே போதும் மாப்ள. இத வெச்சிக்கோங்க" என்றார் மிருதங்கக்காரர்.

நான் பையிலிருந்து என் தாளத்தை எடுத்தேன். கூடத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். சமையலறையில் மகள் கரண்டியைக் கீழே போட்டாள்.

"இது என் தாளம். இந்த மெஷின்ல வர்றது எவளோ துணி சுத்தி வெச்சித் தட்டறா. தாளம்னா வெட்டணும், இது தடவுது."

சிநேகிதர் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்த ஸ்பீக்கரில் பல்பு மெஷினுக்கு மேல் சத்தம் கொஞ்சம் படுத்துத்தான் போகும், சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்தேன் என்றார். "வித்துப்புட்டு அப்றம் சொல்லலாம்னு கீறியா?" என்று மாப்பிள்ளை அவரை இடித்தார்.

"அந்த இன்னொண்ணு எடுங்க" என்றேன். நான்தான் சொன்னேன். அதை மறைக்க முடியாது.

அது ஆட்டுக்கல் கனம். இரண்டு ஆம்பிளைகள் மூச்சு வாங்கிக்கொண்டு தூக்கி வந்தார்கள். விளக்கும் இல்லை அலங்காரமும் இல்லை, இரண்டு பக்கமும் சீப்பு மாதிரித் தகடு. எந்த லோடும் இழுக்கும் என்றார் சிநேகிதர். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன், தீர்ப்பு கேட்க வந்தவள் மாதிரி.

என் தாளம் வந்தது. நிற்கவில்லை. வெட்டியது. கூடத்தில் நான் தட்டினேனே, அதே தட்டு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு வரி போயிற்று, ஐந்து வரி போயிற்று. அப்புறம் இடது பக்கத்தில் என் தாளம் ஒரு மயிரிழை முன்னால் விழுந்தது. அடுத்தது இன்னும் முன்னால். வலது பக்கத்தில் மிருதங்கம் அசையாமல் நின்றது.

மற்றவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. பழகிய கை இல்லையா?

அப்போதுதான் அது கேட்டது. மிருதங்கத்துக்கு மேலே, ரொம்ப மெல்லிசாக, ஆனால் காதோரம் சொன்ன மாதிரித் தெளிவாக: "மெல்ல... மெல்லம்மா... பஸ்ஸு எங்கயும் ஓடிடாது."

கொஞ்சம் பொறுத்து மிருதங்கமும் என் தாளத்தைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தது. பாட்டு உடைந்தது, அந்தச் சிரிப்பும் கேட்டது, மாப்பிள்ளை நிறுத்தினார்.

பஸ். ஆமாம். அன்றைக்குச் சாயந்திரம் வீட்டில் மாடு கறக்க ஆள் இல்லை. மண்டபத்துச் சுவரில் பெரிய கடிகாரம். சித்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று நான் அதைப் பார்த்துக்கொண்டே தட்டினேன். பதினோரு மாதமாக அது என் நினைவில் வரவே இல்லை. முப்பது வருடம் பஸ்ஸில் நின்ற மனிதர், கடிகாரம் பார்க்கிற முகம் அவருக்குத் தெரியாதா?

மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். "அத்த, இதுல ஒரு இனிமையே இல்ல. அந்த பல்பு மெஷினே வெச்சிக்கலாம்னு பாக்கறேன்." மருமகன் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

பின்னாலிருந்து கண்டக்டர் குரல் வந்தது. "எனக்கு உங்க பழைய மெஷினுதான் மாப்ள புடிச்சிருக்கு. தாளம் வந்ததுமே டக்குனு வாய மூடிக்குது பாருங்க, அதுக்குத்தான் மரியாத தெரியும்."

நான் எழுந்தேன். "இதையே வைங்க மாப்ள. நான் கேட்டு எடுத்த மெஷின். திருப்பி அனுப்பினா எனக்குத்தான் கேவலம்" என்றேன். பிறகு அவர் பக்கம் திரும்பினேன். "ஓடினது நான்தான். இந்த மார்கழி நான் கை வெக்கல. ஆனா ஒண்ணு கேக்கறேன். மெல்லன்னு சொன்ன மனுசன் அங்கேயே நின்னிருக்கணுமா இல்லியா? நீங்க எதுக்கு என் பின்னாலயே ஓடியாந்தீங்க? நின்னிருந்தா நானும் நின்னிருப்பேன்."

"உன்ன ஒத்தையா ஓட வுட்டுட்டு நான் நிக்கறதா?" என்றார். "இன்னா பேச்சு தங்கச்சி இது?"

மகளைக் கூப்பிட்டு அவருக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுக்கச் சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தோம். கற்பூரம் விஷயத்தை அவர் எடுக்கவில்லை.

அந்த மார்கழியில் தாளத்தை நானே பாடுகிற அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், யாரும் வந்து கேட்பதற்கு முன்னால். முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு புது மருமகள் தட்டினாள். எருமை ஏரியிலிருந்து கரை ஏறுகிற நடை. மிருதங்கக்காரர் வியர்த்துப்போய் என்னைப் பார்த்தார். நான் நிதானமாகத் தலையைத் திருப்பிச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

அவர் குபீரென்று சிரித்துவிட்டார். சிரித்ததில் ஒரு அடி தப்பியது.

அது அவர் தப்பவிட்ட அடி. இல்லை என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளை அன்றும் இரண்டு மைக் வைத்திருந்தார்.